வாடித்தெருவும் சேர்மன் தாத்தாவும்

மேலத்தெரு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் முத்துக்குமரனுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். வேல்ராஜ் மாமாவுக்குத் தூத்துக்குடியில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மனசுதான் சரியில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து என்னைப் பேசவிடமாட்டாய், அதனால்தான் பக்கத்து வீட்டு ராஹிலா மகன் தல்ஹா அங்கே வருகிறான் என்று கேட்டதும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் தாத்தா வன்னியபெருமாள் நம் ஊர் நகராட்சிக்குச் சேர்மனாக இருந்ததைப் பற்றி மாமா இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆசை ஆசையாய் ஒரு கட்டுரை எழுதினார். அதை நீக்க வேண்டும் என்று அங்கே எழுதிப் போட்டது யாரோ என்று நினைத்திருந்தார், நீதான் என்று போன வாரம் தெரிந்துவிட்டது. ஏளா, உன் மகனே நம்ம தாத்தாவ வேண்டாங்கான், வெளியாள் என்ன சொல்லுவான் என்று என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாய்மாமன், தை மாசம் உன் கல்யாணத்தில் முன்னே நிற்க வேண்டியவர், வரமாட்டேன் என்கிறார்.

நீ அங்கே எழுதியிருக்கும் காரணத்தை அப்பா வாசித்துக் காட்டினார். சின்ன ஊர்ச் சேர்மன்களுக்கெல்லாம் கட்டுரை எழுத முடியாது, பதவியில் இருந்தார் என்பது மட்டும் போதாது என்று எழுதியிருக்கிறாய். அதில் எனக்கும் சண்டையில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர், ரிப்பன் வெட்டியதைத் தவிர ஒன்றும் செய்யாதவர்களும் உண்டு. ஆனால் உன் காரணம் அது இல்லையே ஐயா. பழைய பத்திரிகைகளில் தேடியபோது, உப்பு லாரி போக ரோடு போடுவதற்காக வாடித்தெருவில் இருந்த மீன்பிடிக்காரர்களின் குடிசைகளை அவர் பிரிக்கச் சொன்ன செய்திதான் கிடைத்தது என்று அப்பாவிடம் சொன்னாயாம், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னாயாம். உங்கள் அப்பா வாயில் எது தங்கியிருக்கிறது. கட்டுரை இருந்தால் என்றைக்காவது ஒருவன் அதையும் சேர்த்துவிடுவான், அதற்குக் கட்டுரையே இல்லாமல் போகட்டும் என்றுதானே நினைத்தாய்.

மாமா அதில் ஒன்று எழுதியிருக்கிறார், பார்த்திருப்பாய். தாத்தாமேல் உள்ள மரியாதையால் மீன் விற்கும் பெண்கள் இன்றைக்கும் அவர் வீட்டு வாசலில் கூடையை இறக்குவதில்லை, தெருவுக்கு எதிர்ப்புறம் நின்றுதான் விற்பார்கள் என்று. நாங்களும் சின்ன வயசிலிருந்து அப்படித்தான் நினைத்து நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தோம். அப்பா சொன்ன பிறகு எனக்குச் சந்தேகம் வந்து, தருவைகுளத்திலிருந்து நம் வீட்டுக்குச் சாளை மீன் கொண்டுவரும் இன்னாசியம்மாளிடம் கேட்டேன். மரியாதையா, எங்க அம்மையப் பெத்தவ உலை வச்சிருக்கும்போதே கூரையப் பிரிச்சாங்க, அந்த வாசல்ல கூடைய இறக்கக் கூடாதுன்னு அன்னைக்கு எங்க ஆளுக வச்ச கட்டுப்பாடும்மா, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, உங்க வாசல்ல இறக்குதேன்லா என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று மீனை அப்பாதான் கழுவினார்.

அதனால் சொல்கிறேன், அந்தக் கட்டுரை இருக்கட்டும். ஒரு கையெழுத்தில் ஒரு தெருவையே இல்லாமல் ஆக்க முடிந்தவர் சின்ன ஆளா? பெரிய ஊர்களில் நடந்ததை எழுத ஆயிரம் பேர் வருவார்கள். நம் ஊர்ச் சேர்மனை நாம் அழித்தால், வாடித்தெரு என்று ஒன்று இருந்ததும் அதோடு போய்விடும். அந்த ரோட்டில்தான் ஊர் உப்பு வெளியே போனது, அதில் நாமும் சாப்பிட்டோம், அதையும் எழுதட்டும். குடும்பத்து ஆள் எழுதக் கூடாது என்று அங்கே விதி இருந்தால், நீ பார்த்த பத்திரிகைச் செய்தியை வேறு யாரிடமாவது கொடு. நீக்கச் சொன்னதை நீயே திரும்ப எடுத்துக்கொள், ஏன் சொன்னாய் என்பதையும் ஒளிக்காமல் அங்கே எழுது.

நேற்று மாமாவிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று பயந்தேன், கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அப்போ அவன் என்னக் காப்பாத்தத்தான் பாத்திருக்கான், பேசச் சொல்லு என்றார். கட்டுரையின் கடைசியில் கல்யாணப் பத்திரிகை மாதிரி பேரன் பேத்தி, அவர்கள் பிள்ளைகள் என்று நம் எல்லோர் பெயரையும் போட்டிருக்கிறாராம். பிள்ளைங்க பேர மட்டும் எடுத்திரச் சொல்லு, அதுக என்ன செஞ்சுது என்றார். உங்கள் பெயர்களை எடுத்துவிடு. விதி விடுமோ என்னவோ, என் பெயர் அங்கேயே இருக்கட்டும். சேர்மன் பேத்தி என்று இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து நடந்தவள், இப்போது மட்டும் எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொள்வது நியாயமா?

மாமாவுக்கு நீயே போன் போடு, முதலில் கண்ணைப் பற்றிக் கேள். தல்ஹாவிடம் கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன், வாங்கியதும் டப்பாவில் போட்டு மூடிவை. செந்தூர் முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனசும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சண்முகத்தாய்