மஞ்சள் வயிற்று விமானம்

தம்பி,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், ஆறிப்போனா சூடு பண்ணிக்கோ.

சாயங்காலம் மாடல் விமானக் கடைக்காரர் ரெண்டு விமானத்தையும் எடுத்துட்டு வருவார். சின்னது காத்துல குடிகாரன் மாதிரி தள்ளாடும், போட்டிக்கு ஆகாதுன்னு நீயே சொல்றே. சரி, பெரிசையே வாங்கு. குட்டிக்கரணம் போட்டாலும் கோடு பிசகாதாம். அதுல எனக்குச் சண்டை இல்லை.

நேத்து ராத்திரி நான் கத்தினது வேற விஷயத்துக்கு. முதல்ல வெள்ளை விமானமே போதும்னே. அப்புறம், தலைகீழா பறந்தா தெரியணும், அடிவயிறு மஞ்சளா இருக்கட்டும்னே. எல்லாரும் கேக்கிறதுதான். இப்போ மஞ்சள் மேல பெரிய கறுப்புக் கட்டமும் போடச் சொல்றே. போன ஞாயித்துக்கிழமை மைதானத்துல, கண்ணெதிரே பறக்கிற விமானத்தை, "வருதா போகுதாக்கா?"ன்னு என்னைக் கேட்டே. வெயில் கூசுதுன்னு சமாளிச்சே. அன்னைக்கு வானம் முழுக்க மேகம்டா.

கண் டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். முதல்ல அங்கே போ. நிறத்தை அப்புறம் முடிவு பண்ணலாம்.

அக்கா

ஸ்கூல் வேன் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டிப் போடாதே. என் பையில இருக்கு. நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்த வேற டிரைவர் வர்றார்.

இன்னொண்ணு. நேத்து சண்டையில இதைச் சொல்ல வாய் வரலை. நேத்து சாயங்காலம் தெருமுனையில உன் வேனுக்கு நேர் எதிரே நின்னு கையை ஆட்டினேன். என்னைப் பார்த்துக்கிட்டேதான் வந்தே. பிரேக் போடலை. நான்தான் குதிச்சு ஒதுங்கினேன்.