மோர்மிளகாய் உறைக்கும்வரை

நாள் 1, 06:00
நிலா, தென்முனை நிலையம். பேசுவது பிரகாசி. கைக்கு வேலை இருப்பதால் வாயால் சொல்கிறேன், தூக்கத்தில் உளறினாலும் இயந்திரம் எழுதிக்கொள்ளும். காற்றுச் சுத்திகரிப்பானின் தானியங்கிப் பலகை நேற்று வெடித்துக் கருகியது. அதில் அடிபட்ட என் கூட்டாளி இசக்கி அடுத்த அறையில் மயங்கிக் கிடக்கிறான். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தரம் நான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். தவறினால் அவன் அறையில் காற்று கெட்டு மூச்சு முட்டும். மீட்புக் கலம் வர எட்டு நாள்.

ஆகவே தூக்கத்தைத் துண்டு போட்டுவிட்டேன். இருபது நிமிடம், நாளுக்கு ஆறு தடவை. மீதி நேரம் இசக்கிக்கு மருந்து, பலகைக்குப் பழுது. 'அது தாராளமாகப் போதும்' என்று பயிற்சியில் சொன்ன மருத்துவர் மெத்தையில் சாய்ந்தபடி சொல்லியிருப்பார்.

நாள் 3, 14:20
பலிக்கிறது! தலை பளிச்சென்று இருக்கிறது. ஊரே எட்டு மணிநேரம் தூங்கி ஆயுளைப் பாழாக்குகிறதே என்று சிரிப்பு வந்தது. உட்கார முடியவில்லை, நடந்துகொண்டே இருக்கிறேன். ஜன்னலில் சூரியன் மறைவதே இல்லை. அதுவும் எரிச்சல்.

நாள் 5, 09:10
மீட்புக் கலத்தை ஓட்டிவரும் சாகுல்: "யக்கா, பேசிக்கிட்டு இருக்கும்போதே கொறட்ட விடுதீய. கைப்பிடியத் திருப்புனீயளா?"

திருப்பினேன் என்று வள்ளென்று விழுந்தேன். போய்ப் பார்த்தால் திருப்பவில்லை. கனவில் எழுந்து, நடந்து, திருப்பிவிட்டு வந்திருக்கிறேன். இசக்கியின் உதடு நீலம். திருப்பியதும் தேறினான். நித்திரை சுகம் அறியாது என்பார்கள். பொறுப்பும் அறியாது போல.

சாகுல்: "மோர்மொளவா இருக்குல்லா? திருப்புனதும் ஒண்ணு கடிங்க. கனவுல ஒறைக்காது."

நாள் 7, 11:40
திருப்பினேன். கடித்தேன். கண்ணில் நீர். நிஜம்தான். இசக்கி கண் திறந்து தண்ணீர் கேட்டான். அழுதுவிட்டேன். என்னை எழுப்ப வைத்த அலாரம் அணைந்து கிடந்தது. நான்தான் அணைத்திருக்க வேண்டும், நினைவில்லை. கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டேன்.

நாள் 8, 04:05
சாகுல்: "ரெண்டு மணி நேரத்துல எறங்கிருவோம்க்கா. ஒறங்கிராதீய."

நாள் 8, 05:30
திருப்பினேன். மிளகாய் கடித்தேன்.

உறைக்கவில்லை.

இன்னொன்று. விதையோடு மென்றேன். உறைக்கவில்லை. உயரத்தில் அலாரம் அடிக்கிறது. கை அசையவில்லை. இசக்கி சுவரைத் தட்டுகிறான். பிரகாசி, எந்திரி. ஏட்டி, எந்திரி. தட்டுறது நின்னுட்டு. எந்தி