முட்டையைத் திருப்பாதே

நீ அசந்து தூங்கறே, எழுப்ப மனசு வரலை. இன்னைக்கு முதல் பஸ்ஸை நான்தான் ஓட்டணும், கிளம்பறேன்.

உன் தம்பி பதினோரு மணிக்கு வந்துடுவான். அவனுக்குப் பிடிச்ச ஃப்ரிட்டாட்டாவுக்கு எல்லாம் தயார். குடைமிளகாயும் கீரையும் வதக்கி இரும்புச் சட்டியிலேயே வச்சிருக்கேன். ஆறு முட்டையை அடிச்சு அது மேல ஊத்தி, சின்னத் தீயில கால் மணி நேரம் மூடி வை. உப்பு காயிலேயே போட்டாச்சு, நீ வேற போட்டுடாதே.

ஒண்ணே ஒண்ணு. ஆம்லெட்னு நினைச்சு அதைத் திருப்பிடாதே. போன தடவை நீ திருப்பினதுல பாதியை அடுப்புதான் தின்னுச்சு. மேல்பக்கம் ஆவியிலேயே வெந்துடும். உனக்குத்தான் பொறுமையே கிடையாது. (எனக்கு மட்டும் இருக்கான்னு கேப்பே.)

மாத்துச் சாவி செருப்பு அலமாரி மேல இருக்கு. அவன்கிட்ட குடுத்துடு, இருக்கற வரைக்கும் அவனே வச்சுக்கட்டும்.

கீழே இடமில்லை, ஓரத்துல எழுதறேன். நேத்து அவன் வர்றான்னு நீ சொன்னதும், "இது வீடா, சத்திரமா?"ன்னு கேட்டேன்ல? அதைத் திருப்பி வாங்கிக்கறேன். இந்த வீட்டுல இன்னைக்குத் திருப்ப வேண்டியது அது ஒண்ணுதான்.