டஃபினாவுக்குத் தனி டிவிடி

ரெசென், செப்டம்பர் கடைசி

அன்புள்ள க்ளிமே,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் அவர் சொல்பேச்சு கேட்பதில்லை. பெர்த்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், இல்லையென்றால் எழுந்து போய் இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து மேலே படி. குளிர்காலத்துக்கு மிளகாய் சுட்டு அரைக்கிற வேலை நேற்றுதான் முடிந்தது, என் தலைமுடியில் இன்னும் புகை வாசம்.

கடைசியில் கேமரா வாங்கிவிட்டேன். ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்து உன் அப்பாவைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட ஊர்க் கல்யாணங்களைப் படம் எடுக்கலாம் என்று சொன்னேனே, அதற்குத்தான். பித்தோலா டவுன் கடைக்காரப் பையன் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றைக் காட்டி எண்ணூறு மடங்கு ஜூம் ஆகும் என்றான். மைக் எங்கே செருகுவது, இருட்டு மண்டபத்தில் முகம் தெரியுமா, ஃபோகஸைக் கையால் திருப்ப முடியுமா என்று கேட்டேன். "நீங்க என்ன டீச்சர், சினிமாவா எடுக்கப் போறீங்க?" என்று சிரித்தான். "இல்லப்பா, கல்யாணம். சினிமான்னா ரெண்டாவது தடவை நடிக்கச் சொல்லலாம்" என்றேன். பிறகுதான் உள்ளேயிருந்து இதை எடுத்து வந்தான். கொஞ்சம் கனம்தான், ஆனால் தோளில் அசையாமல் உட்காருகிறது, சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது. அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு "இதுக்கு ஒரு ஆடு வாங்கியிருந்தா பாலாவது குடுத்திருக்கும்" என்றார். நீ விட்டுப்போன கம்ப்யூட்டருக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டாயிற்று. ஒரு மணி நேர கேசட் உள்ளே ஏற ஒரு மணி நேரம் ஆகிறது, அது ஏதோ தூங்கிவிட்டது என்று அப்பா ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டார், அன்றைக்கு அவருக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

முதல் கல்யாணம் யாருடையது தெரியுமா, கீழ்த்தெரு ஆப்பிள் தோட்டத்து ட்ராயானின் ஒரே மகள் டஃபினாவுடையது. மாப்பிள்ளைக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்பதால், நிச்சயம் பண்ணிய நாளிலிருந்து ட்ராயான் அவளோடு பேசவில்லை. பித்தளைக் குழல் வாத்தியங்களோடு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது மூடின கதவு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார், கைகோத்து ஆடும் வட்ட ஆட்டத்துக்குக் கை கொடுக்கவில்லை, கார் கிளம்பும்போது ஆளையே காணோம். கல் நெஞ்சுக்காரன் என்று ஊரே பேசியது, நானும் அப்படித்தான் நினைத்தேன். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் பார்க்கிறேன், கேமராவின் சின்னத் திரையில் என் கண்ணுக்குத் தப்பியது பெரிய திரையில் தெரிகிறது. கார் நகர்கிறது, ஓரத்தில் ஆப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் ட்ராயான், தொப்பியை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார்.

உன் அப்பா வாய் சும்மா இருக்குமா, காபிக் கடையில் எல்லார் முன்னாலும் ட்ராயானிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ட்ராயான் வாசலில் நிற்கிறார், "வாஸ்கா, அதை வெட்டிடு, இல்லாட்டி சாகுற வரைக்கும் இவனுங்க கிண்டல் பண்ணுவானுங்க" என்று. உங்க முகம், உங்க இஷ்டம், ஒரு தடவை பார்த்துட்டு சொல்லுங்க என்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "அந்தப் பெட்டியை எவன்டா இப்படிக் கோணலா அடுக்கினது?" பிறகு, "அவ திரும்பிப் பார்க்கவே இல்லல்ல?" என்றார். நான் மெதுவாக ஓட்டிக் காட்டினேன். காரின் பின்கண்ணாடியில் டஃபினா சீட்டில் முட்டி போட்டு, கண்ணாடியில் கை வைத்து, வாசல் முழுக்கத் தேடுகிறாள். இவர் பெட்டிக்குப் பின்னால். ஒரே படத்துக்குள் இரண்டு பேரும் இருக்கிறார்கள் க்ளிமே, ஒருவரை ஒருவர் பார்க்காமல். அவர் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

கடைசியில் இரண்டு விதமாகச் செய்தேன். சொந்தக்காரர்களுக்குக் கார் கிளம்புவதற்கு முன்னாலேயே வெட்டி, ஆட்டத்தோடு முடித்துவிட்டேன். டஃபினாவுக்கு மட்டும் தனி டிவிடி, அதில் அந்தக் காட்சி முழுதாக. சோகமாக ஒரு பாட்டுப் போடலாமே என்று அப்பா ஆரம்பித்தார், கையை எடுங்க என்றேன். கார் சத்தமும் நாய் குரைப்பும் போதும். ட்ராயானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

போன ஞாயிறு அவள் கூப்பிட்டிருக்கிறாள், அம்மாவை அல்ல, நேராக அப்பாவை. இவர் எடுத்ததும் இந்த வருஷம் ஆப்பிள் நல்லா காய்ச்சிருக்கு என்று ஆரம்பித்தாராம். "அப்பா, நான் உங்களைத்தான்ப்பா தேடினேன்" என்றாளாம் அவள். "பெட்டிக்குப் பின்னாடிதான்டி நின்னேன், மக்கு" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாராம். இதை உனக்கு எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். "எழுது, அவனும் தூரத்துலதான இருக்கான்" என்றார்.

உனக்குச் சொந்தக்காரர்களுக்கான டிவிடிதான் அனுப்புகிறேன், அப்பா ஆடுவது அதில் இருக்கிறது, சத்தமாகச் சிரிக்காதே. வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பாவோடு இன்னும் கொஞ்ச நேரம் பேசு. இரண்டு வார்த்தையில் அம்மாகிட்ட குடுக்கறேன் என்று சொல்லுவார். குடுக்க விடாதே.

முத்தங்களோடு,
உன் அம்மா வாஸ்கா