அவரைச் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

786

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
1939 ஆகஸ்டு, சனிக்கிழமை

அன்பு மகன் நசுருதீனுக்கு அம்மா ஹாஜிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் தங்கச்சி ஜீனத்தும் இங்கே சுகம், பினாங்கில் நீயும் உன்னிடம் படிக்கிற பிள்ளைகளும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டு வருகிறேன். அத்தாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, வளையல் கடைக்குப் போய் வருகிறார்கள். அடுத்த வீட்டு அழகம்மாள் உனக்கென்று எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், கப்பல் ஏறுகிற ஆள் கிடைத்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

தம்பி, உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உங்கள் பள்ளிக்கூடத்திலும் இனிமேல் மனப்பாடம் கூடாது, பிள்ளைகளே செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்கிறார், ஜீனத் வகுப்பில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள் என்று முன்னே கேட்டிருந்தாய். நானும் பெருமையாக எழுதினேன். சந்திரம்மாள் டீச்சர் ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் ஒரு விதை போட்டுக் கொடுத்தது, இலை விட்டதும் தண்ணீரை நிறுத்திவிட்டு எது எத்தனை நாள் தாங்குகிறது என்று வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னது, புஸ்தகத்தில் இருப்பதை எழுதாதே கண்ணால் கண்டதை எழுது என்றது, எல்லாம் எழுதினேன். பயறும் உளுந்தும் காய்ந்துபோக நம் ஜீனத்தின் அவரை மட்டும் பச்சையாக நின்றது, இன்ஸ்பெக்டரம்மா அவள் தாளைக் கையில் வாங்கி மெச்சினார் என்றும் எழுதினேன். நீ அதை நம்பி உன் வகுப்பில் செய்திருக்கிறாய். உன்னிடம் படிக்கிற இரண்டு பையன்கள் எங்கள் அவரை வாடிவிட்டது என்று எழுதிக்கொண்டு வந்தார்களாம். வெயிலில் போட்டுவிட்டு வந்து பொய் சொல்கிறீர்களா, என் தங்கச்சி செடி நிற்கவில்லையா என்று பெஞ்சுமேல் ஏற்றினாயாம். தம்பி, அந்தப் பிள்ளைகள் சொன்னதுதான் நிஜம். நம் வீட்டு அவரை நின்றது என்னால்.

நான் ஒளு செய்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஜீனத் கொட்டாங்கச்சியை வைத்திருந்தாள். அம்மா இதுக்குத் தண்ணி ஊத்திடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் சரிடி என்றேன். மறுநாள் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து முகம் கை கால் கழுவித் திரும்பினால் அது தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. உனக்குத்தான் தெரியுமே, செம்பில் மிச்சம் நிற்கிற தண்ணீரை நான் சும்மா கொட்டமாட்டேன், நாளை மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு என்று பயம். உயிருள்ள ஒன்று பக்கத்தில் வாடி நிற்க நான் தக்பீர் கட்டினால் அந்தத் தொழுகை கூடுமா என்று தோன்றியது. ஒரு கை ஊற்றினேன். இது ஒரு கணக்கா என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கை அதுவாகப் போனது. ஊற்றியதைக்கூட விடு தம்பி. என் செடி சாகல என்று அவள் குதித்துக்கொண்டு வந்தாளே, அப்போது வாயைத் திறக்காமல் இருந்தேன், உனக்கும் அப்படியே எழுதினேன், அதுதான் என்னைத் தின்கிறது.

உன் கடிதத்தை அத்தாவுக்குப் படித்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அரைப்படி பருப்பு குறைந்தால் என்னை நிற்கவைத்துக் கேட்பாளே, தண்ணிக்குக் கணக்கு எழுத மறந்துட்டாளாக்கும் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீனத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழவில்லை, அப்ப நான் எழுதினது பொய்யாம்மா என்று மட்டும் கேட்டாள். இல்லடி, நீ கண்டதைத்தான் எழுதினே, நீ காணாததைச் செய்தவ நான் என்றேன். டீச்சர் அந்தத் தாளை மாதிரிக்கென்று சனிக்கிழமை வாத்தியார்கள் கூட்டத்தில் படிக்கப்போகிறார்கள், ஊர்ப் பள்ளிக்கூடம் எல்லாம் அதைப் பார்த்துச் செய்யும் என்று அவள் சொன்னதும் இனி ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று முடிவு செய்தேன். நேற்று வெள்ளிக்கிழமை, முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஜும்ஆ முடிந்து அத்தா வந்ததும் கேட்டுக்கொண்டு, துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு குதிரைவண்டியில் ஸ்ரீரங்கம் போனேன். டீச்சர் வீடு அம்மா மண்டபத்துப் பக்கம் ஒரு சந்தில். காவேரிப் பாலம் முழுக்க ஜீனத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சொல்லி முடிக்கிறவரைக்கும் டீச்சர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தெந்த நேரம், எவ்வளவு என்று கேட்டுத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்கள். பிறகு, நம்ம வீடுகள்ல ஒரு செடியைச் சாக விட்டு யாரும் வேடிக்கை பார்க்கமாட்டாங்கன்னு எனக்குத் தோணாம போச்சே, கூட்டத்துல இதையும் சேர்த்தே படிக்கிறேங்க என்றார்கள். என் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். சொல்லுங்க, பிள்ளை பேர் கெடாம இருந்தாப் போதும் என்றேன். இன்னொரு கொட்டாங்கச்சி கொடுத்து அனுப்பினார்கள், இலை விட்ட அவரைதான். ஜீனத் அதை வாங்கிக்கொண்டுவந்து என் கண்ணில் படாமல் தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

நீ அந்தப் பையன்களைப் பெஞ்சுமேல் ஏற்றியதாக எழுதியிருக்கிறாய், கை வைத்தாயா என்று எழுதவில்லை. வைத்திருந்தால் அந்தப் பாவம் என்மேல். இந்தக் கடிதத்தை வகுப்பில் அவர்களுக்கு முன்னால் படி, எங்க அம்மா செய்த தப்பு என்றே சொல், வாத்தியார் அம்மாவுக்கு மரியாதை போய்விடுமே என்று பார்க்காதே. எந்தப் பிள்ளை எதை எழுதிக்கொண்டு வந்தாலும் முதலில் போய் அந்தச் செடியைப் பார், பிறகு பேசு. பனியில் தலையை மூடிக்கொள், வெள்ளிக்கிழமை யாசீன் ஓத மறக்காதே. ஈமானும் ஆயுளும் நிறைவாகத் தந்து அல்லாஹ் உன்னைக் காப்பாற்றுவான்.

முடிக்கலாம் என்று பேனாவை வைத்தேன், அசர் தொழுகைக்கு ஒளு செய்யப் போனால் கொட்டாங்கச்சி பழைய இடத்திலேயே இருக்கிறது. ஜீனத்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். செடி தலை சாய்ந்துவிட்டது. செம்பில் மிச்சமிருந்ததை வாசலுக்குக் கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்து தொழுதேன்.

துஆவுடன்,
உன் அம்மா
ஹாஜிரா