கட்டைவிரல் அகலம்

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல் கராஜுக்குப் போய், சுவரில் தொங்கும் என் சைக்கிளை இறக்கி, வலது கட்டைவிரலைக் கைப்பிடிக்கு அடியில் கொடுத்து, பிரேக்கை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். வலிக்கவில்லை. கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தோடு எழுதுகிறேன். இங்கே உன் அப்பா நலம், நம் நாய் மோஸ் நலம், ஆனால் காலையில் என் பின்னாலேயே வந்து, சவாரிக்குக் கிளம்புகிறோம் என்று நினைத்து வாலை ஆட்டி ஏமாந்துபோனது பாவம். நானும் நலம், கட்டைவிரலும் முக்கால்வாசி நலம். நீ அங்கே நியூசிலாந்துக் குளிரில் நன்றாக இருக்கிறாயா, சைக்கிள் கடையில் வேலை அதிகமா, ராத்திரிச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொள்கிறாயா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

வாராவாரம்தான் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இது ஜாஸ்லினின் உத்தரவு. கைக்குப் பயிற்சி கொடுக்கிறாள் என்று சொன்னேனே, அவள்தான். தினமும் பேனா பிடித்து ஒரு பக்கமாவது எழுதச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் சமையல் குறிப்புகளைப் பார்த்து எழுதினேன், அலுத்துவிட்டது, உனக்கே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முதல் நாள் அவளிடம் போனபோது, குணமானதும் என்ன செய்ய ஆசை என்று கேட்டாள். மலையிலிருந்து சைக்கிளில் இறங்கவேண்டும் என்றேன். "எல்லாரும் ஜாடி மூடி திறக்கணும், சட்டை பட்டன் போடணும்னு சொல்வாங்க. நீங்க என்னடான்னா, எந்த மலையில விழுந்தீங்களோ அதுலயே மறுபடியும் இறங்கணுங்கறீங்க. உங்க ஊர்க்காரங்க எல்லாருமே இப்படித்தானா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

கட்டு பிரித்த பிறகு ஜூலை முழுக்க அவள் கொடுத்த பச்சைக் களிமண் உருண்டையைப் பிசைந்துகொண்டே கழிந்தது. எனக்குப் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும். ஆனால் ஹக்கிள்பெரி பழுத்ததும் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். இந்த வருஷம் நல்ல விளைச்சல், பழைய சுரங்கப் பாதைக்கு மேலே புதரெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. இடது கையால் வாளிக்குப் பறிப்பேன், வலது கையால் பயிற்சிக்குப் பறிப்பேன். முதலில் தொட்ட பழமெல்லாம் நசுங்கி விரல் ஊதாவாகிவிட்டது, அல்லது பிடியே இல்லாமல் கீழே விழுந்தது. போன வாரம்தான் ஒரு பழத்தை நசுக்காமல் பறித்து, நசுக்காமல் அப்பாவின் வாயில் போட்டேன். "லாரா, இது ஆபரேஷன் பண்ணின டாக்டருக்குப் போகவேண்டிய பழம்" என்றார், மென்றுகொண்டே. அப்பா இந்தக் கோடை முழுக்க எனக்காக எவ்வளவோ செய்தார். தலையும் அவர்தான் பின்னிவிட்டார், குதிரை வாலை முடிகிற மாதிரி இருக்கும், விடுமுறை விடும்வரை அப்படியேதான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவேன், என் வகுப்புப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கும். போர்ஷ் சூப் வைக்கிறேன் என்று முட்டைக்கோஸை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிப் போட்டார். ஆனாலும் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

சைக்கிள் இல்லாததால் இந்த வருஷம் பாதைகளையெல்லாம் நடந்தே போனேன். பதினைந்து வருஷமாக அந்த மலையில் இறங்குகிறேன், ஆனால் ஓடைக்குப் பக்கத்தில் அத்தனை பெரிய பாறை இருப்பது இப்போதுதான் தெரிந்தது, எப்போதும் பாதையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போயிருக்கிறேன் போல. மேலே ஏறி வருகிறவர்கள் என்னைப் பார்த்து நிறுத்திப் பேசினார்கள். எல்லோருக்கும் கதை தெரிந்திருக்கிறது. "ஏம்மா, மரத்துக்குக் கை குடுக்கப் போனியாமே, அது விட மாட்டேன்னுடுச்சாமே" என்று ஒரு பையன் கேட்டான், ஹெல்மெட்டுக்குள் யார் என்றுகூடத் தெரியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இனி நீ போனில் பேச்சை மாற்றிவிடுகிற விஷயத்துக்கு வருகிறேன். ரஸ் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். மலைப் பாதைகளைப் பார்த்துக்கொள்கிற பாதைச் சங்கத்துக்கு இன்னும் அவர்தான் தலைவர், வேறு யாரும் முன்வரவில்லை. நீ அவருக்குப் போன் செய்து, உன் பாதையில் இருக்கிற அந்த இரண்டு லார்ச் மரங்களில் வலதுபக்க மரத்தை வெட்டிவிடச் சொன்னாயாமே. "பாதையப் போட்டவ அவ, வெட்டுன்னு அவ சொன்னா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா விரல் போனது உனக்கு. அடிபட்டவங்க வாயிலருந்து வராம நாங்க எங்கயும் ரம்பத்தத் தொட்டதில்ல. அடுத்த சனிக்கிழமை எல்லாரும் பாதை வேலைக்கு வராங்க. வெட்டுன்னு சொல்லு, பத்து நிமிஷம். வேணாம்னு சொல்லு, ரம்பத்த வண்டிலயே விட்டுட்டு டோனட் சாப்பிட்டுட்டுப் போறேன்" என்றார். சனிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

டெஸ்ஸா, நீ மனதில் என்ன வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பாதை நீ போட்டது, மரங்களுக்கு நடுவே போகட்டும் என்று பதினாறு வயதில் அடம்பிடித்தவளும் நீ, உன் சைக்கிளை நடுவே நிறுத்தி, ஹேண்டில்பாருக்கு இரண்டு பக்கமும் ஒரு கை நுழைகிறது, இது போதும் என்று காட்டியவளும் நீ. அப்புறம் அந்த ஹேண்டில்பாரும் உன் கடையிலிருந்து நீ பிறந்தநாளுக்கு அனுப்பியது. அதனால் அம்மாவின் விரலை நீயே பிடுங்கிப் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆனால் நடந்தது வேறு. இந்தக் காலத்து ஹேண்டில்பாரை அவரவர் தோளுக்குத் தக்க இரண்டு நுனியிலும் அறுத்துக்கொள்ளத்தான் அத்தனை நீளமாக விற்கிறார்கள் என்று இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அப்பா ரம்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தே விட்டார். வலது நுனியைச் சுற்றி, கைப்பிடி உறை மூடுகிற இடத்தில், உன் கோழிக் கிறுக்கலில் "என் அம்மாவுக்கு, மெதுவாகப் போகவேண்டாம்" என்று கீறியிருந்தாயே, அதைப் பார்த்ததும் அறுக்க மனம் வரவில்லை. அப்படியே மாட்டச் சொன்னேன். அப்பா, "இடிக்கும் லாரா" என்றார். இடிக்காது என்றேன். பனி உருகி முதல் சவாரி, உடம்புக்குப் பழைய ஹேண்டில்பாரின் அகலம்தான் தெரியும், நூறு தடவை போன இடைவெளி, யோசிக்கவே இல்லை. வலது நுனி மரத்தில் இடித்தது, ஹேண்டில்பார் திரும்பியது, நான் பிடியை விடவில்லை. நான் பிடியை எளிதில் விடுகிறவள் இல்லை, அதுதான் கட்டைவிரலுக்கு வினையாகிவிட்டது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள் அங்கே நடந்துபோய், இரண்டு மரங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். வலதுபக்க மரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு வட்டமான தழும்பு, பிசின் கசிந்து காய்ந்திருந்தது. கோபம் வரும் என்று நினைத்துத்தான் போனேன், வரவில்லை. நான் உட்கார்ந்திருந்தபோதே மூன்று பேர் இறங்கிப் போனார்கள். ஒவ்வொருவரும் மரத்துக்கு முன்னால் ஒரு நொடி மூச்சைப் பிடிப்பது எனக்கே கேட்டது, தாண்டியதும் ஒரு கூவல். உன் பாதையின் ருசியே அந்த மூச்சில்தான் இருக்கிறது. பதினாறு வயதில் உனக்கு அது எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். திரும்ப ஓட்ட முடியுமா என்ற பயம் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ராத்திரி விழிப்பு வந்தால் இருட்டில் விரலை மடக்கிப் பார்ப்பேன். ஆனால் அந்த மரத்தை நினைத்து ஒருநாளும் பயந்ததில்லை. அது போய்விட்டால் நான் ஓட்ட ஆசைப்படுகிற பாதையும் போய்விடும். செப்டம்பர் நடுவிலிருந்து விரல் உறையோடு ஓட்டலாம், முதல் சில வாரம் சமதரையில் மட்டும் என்று ஜாஸ்லின் சொல்லிவிட்டாள். "சமதரைன்னா சமதரை, உங்க ஊர்ச் சமதரை இல்ல" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள்.

சாப்பாட்டில் காய்கறி சேர்த்துக்கொள். கையுறை கிழிந்திருந்தால் புதிது வாங்கு, கடையிலேயே வேலை செய்துகொண்டு கிழிந்ததைப் போட்டு ஓட்டாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பாவிடம் கொஞ்ச நேரம் பேசு, அவர் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயேதான் நிற்கிறார். இந்த வருஷத்து ஹக்கிள்பெரி ஜாம் ஒரு ஜாடி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், மூடியை நானே மூடினேன், திறப்பதற்கு நீதான் வரவேண்டும். போகிற பாதையெல்லாம் உன்னைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கட்டும் மகளே. மனதில் பாரம் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

என்றும் உன்,
அம்மா லாரிசா

பி.கு. ரஸ்ஸிடமோ அப்பாவிடமோ இன்னும் சொல்லவில்லை, முதலில் உனக்கு. மரம் இருக்கட்டும். நாளைக் காலை ரம்பத்தை எடுத்து, என் வலது கையாலேயே, ஹேண்டில்பாரின் இரண்டு நுனியிலும் ஒரு கட்டைவிரல் அகலம் அறுக்கப்போகிறேன். சனிக்கிழமை வேலைக்கு அதை உருட்டிக்கொண்டுதான் மேலே போவேன், எல்லோரும் பார்க்க மரங்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போய்க் காட்டுவேன். ஓட்டிப் போவது நீ வந்த பிறகு, உன் பின்னால். உன் கிறுக்கல் இருக்கிற துண்டு மோதிரம் மாதிரி வரும். அதை யாருக்கும் தரமாட்டேன்.