யூரியாப் பையில் கட்டிய உப்பு

அக்கா,

என் பெரியவளின் மகள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுவிட்டாள், இரசாயனவியலில் ஏ. அவளுடைய தம்பி ஓட்டத்தில் மாவட்டத்துக்கே முதலாவது. சின்னவனின் மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வீட்டில் இத்தனையும். நேற்று மூவரையும் இருத்தி, உப்புச் சுற்றி நாவூறு கழித்து அடுப்பில் போட்டேன். படபடவென்று வெடித்தது. நீங்கள் கண்மூடி நாலு வருசம், ஆனால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்றீர்கள்.

சண்டைக் காலம். நாங்கள் இருவரும் உப்பளத்தில் வேலை. எனக்குக் கூலியோடு கிடைத்த உப்பை இவர் சைக்கிளில் முந்தல் ஊருக்கு விற்கக் கொண்டுபோனார். வேறு பை இல்லாமல் பழைய யூரியாப் பையில் கட்டிக்கொடுத்தது என் பிழை. யூரியாவில் குண்டு செய்கிறார்கள் என்று தேடிய நாட்கள் அவை. சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் இவரை வெயிலில் முழங்காலில் இருத்திவிட்டார்கள். மேலே உப்பு, அடியில் உரம் என்பது அவர்கள் எண்ணம். வண்டி வந்ததும் ஏற்றிவிடுவார்களாம்.

செய்தி கேட்டதும் நான் உப்புப் பாத்திக்கரையிலேயே இருந்துவிட்டேன். நீங்கள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். மல்லி, மல்லி என்று அவர்களைத் தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கதைத்தீர்கள். கையை முழங்கைவரை விட்டுப் பையின் அடியிலிருந்து அள்ளிக் காட்டினீர்கள். யூரியா உருண்டை, இது சதுரம் என்றீர்கள். ஒரு கட்டியைக் கல்லால் தட்ட, உடைந்த துண்டுகளும் சதுரம். அவர்கள் அசையவில்லை. வெடிக்கும், பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, அவர்களின் தேத்தண்ணி அடுப்பில் ஒரு பிடி போட்டீர்கள். அப்படியும் ஒருவன் துவக்கைத் தூக்கிக் குறிபார்த்தான். உப்பு வெடித்தது. உரமென்றால் உருகியிருக்கும் என்றீர்கள். தேத்தண்ணி ஊற்றியவன் சிரித்துவிட்டான். ஊரில் அவன் அம்மாவும் இப்படித்தான் கண்ணூறுக்குப் போடுவாவாம். இவரை எழும்பச் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் உப்பு ஏன் வெடித்தது என்று கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள்:

"உப்புக்குள்ள துளித் தண்ணி அகப்பட்டிருக்கடி. சூடு கண்டா உடைச்சுக்கொண்டு வந்திடும். இனிப் புருசனை அனுப்பேக்க பையையும் பாத்து அனுப்பு."

சோடியமும் குளோரினும் எல்லாப் பக்கமும் மாறிமாறி வரிசையில் நிற்பதால்தான் சதுரமாக உடைகிறது என்று பெரிய பேத்தி நேற்று விளக்கினாள். ஓம், எனக்கு முதலே தெரியும் என்றேன். கதிரையில் இருந்த இவர் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தார். சின்னவன் அப்போது பிறக்கவேயில்லை, அக்கா; அன்று இவரை ஏற்றியிருந்தால் அவன் ஏது.

இதை இத்தாலிக்கு, உங்கள் மகளுக்கே அனுப்புகிறேன். மகள், வாசித்ததும் உன் பிள்ளைகளின் புதுப் படம் ஒன்று தபாலில் போடு. என்னிடம் உள்ள படத்தில் உன் சின்னவளுக்குப் பல்லே முளைக்கவில்லை. படத்தைச் சுற்றி அடுப்பில் போட ஒரு பிடி உப்பு எடுத்து வைத்திருக்கிறேன்.